எட்டு மடங்கு பெரிதாக்கியவர்

பென்சிலில் வரைவதெல்லாம் ஒரு வேலையா என்று சர்வஞானி கேட்டபோது, அவர் மனைவி பன்னிரண்டாவது படத்தை முடித்துவிட்டு விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சர்வஞானி என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். மனிதர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறார்.

ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை அவளுக்கு வந்திருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயர் அச்சில் வரப்போகிறது. ஆனால் பென்சில் கோடு ஆகாது, கம்ப்யூட்டரில் போட்ட சுத்தமான கறுப்புக் கோடாக வேண்டும் என்று பதிப்பகத்து அம்மாள் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் வரைவதற்கென்று விற்கிற பலகை வீட்டில் இல்லை. இவளுக்குக் கம்ப்யூட்டரே பழக்கமில்லை. சர்வஞானிக்கு இது போதாதா?

"பலகையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மவுஸ் போதும், நான் போட்டுத் தர்றேன். ஆனா புத்தகத்துல படம்னு என் பேர்தான் வரணும்."

"வரைஞ்சது நான்."

"நீ கிறுக்கினே. கோடு போடப்போறது நான். கிறுக்கலையா அச்சடிப்பாங்க?"

சண்டைக்கு வருவாள் என்று நாலைந்து பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவள் வரவில்லை. படங்களைக் கொஞ்சம் திருத்தணும், இரண்டு நாள் கொடுங்கள் என்றாள். ஒரு கோடு விடாமல் போடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். மயிரிழைகூட விடமாட்டேன் என்று ஐயா சத்தியம் செய்தார்.

முதலில் போனில் படம் பிடித்தார். பசுவின் மேல் அவருடைய தலை நிழல் விழுந்து, பாதி மாட்டைக் காணோம். ஜன்னலோரம் வைத்து மறுபடி பிடித்து, வெளிச்சத்தை ஏற்றித் தாளை வெளுப்பாக்கி, அதன் மேல் மவுஸால் இழுத்தார். பசுவின் முதுகு ரம்பப் பல்லாக வந்தது. மூன்று நாள் முட்டி மோதிய பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. இழுக்கவே கூடாது. அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்தால் கோடு தானே வளைந்துகொள்கிறது. துல்லியம் வேண்டுமே என்று படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டார். அந்த அளவில் பசுவும் தெரியாது, வாலும் தெரியாது; சாம்பல் நிறத்தில் ஒரு கோடு போகும், பின்னாலேயே இவர் போவார். அப்படியே மூன்று வாரம் போனார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மணிக்கட்டு வீங்கிச் சோற்றைப் பிசைய விடவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துக்கொண்டோமோ என்று ஒரு தடவை தோன்றியது, பெருமை விடவில்லை.

கடைசியில் அவளிடம் காட்டாமலேயே பன்னிரண்டையும் அனுப்பி, கூட வைத்த கடிதத்தில் "படங்கள்" என்று எழுதி அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டார். மறுநாள் பதிப்பகத்து அம்மாள் போனில் வந்தார்.

"கோடு ரொம்ப சுத்தம் சார். ஒரு சந்தேகம். லெட்டர்ல உங்க பேர் இருக்கு. பன்னிரண்டு படத்துலயும் உங்க வீட்டம்மா பேர் இருக்கே? பசு வால்ல, கிழவி கொண்டையில, புல்லுல..."

சர்வஞானி ஓடிப்போய்ப் படத்தை உள்ள அளவுக்குச் சுருக்கினார். வாலின் மயிரில் அவள் பெயர் நெளிந்து நெளிந்து இறங்கியது, இனிஷியலோடு. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அப்படியே. மயிரிழைகூட விட்டுப்போகவில்லை.

"திருட்டுத்தனமா எழுதி வச்சிருக்கியே" என்று பாய்ந்தார்.

"நான் எழுதினது கிறுக்கல்தானே? அதையா அச்சடிப்பாங்க? அச்சுக்குப் போனது நீங்க எழுதினது."

வேண்டுமானால் பன்னிரண்டையும் திருத்தி நாலு நாளில் கொடுங்கள் என்றார் போனில் இருந்த அம்மாள். சர்வஞானி தன் மணிக்கட்டைப் பார்த்தார். இருக்கட்டும்மா, அவள் பெயரே இருக்கட்டும் என்றார்.

புத்தகம் வந்தது. அட்டையிலேயே அவள் பெயர், கொட்டை எழுத்தில். தன் பெயரைத் தேடிக் கடைசிப் பக்கம்வரை போனார். நன்றிப் பட்டியலில், அட்டை ஒட்டியவருக்கும் கீழே, "மவுஸ் பிடித்து உதவிய வீட்டுக்காரருக்கு" என்றிருந்தது.

"பேரைக் காணோமே?"

"கேட்டாங்க. வீட்டுக்காரர்னு போட்டாலே போதும், அவர் பேரு யாருக்குத் தெரியப்போகுதுன்னு நான்தான் சொன்னேன்."