சிலமலைக்குப் போன குகைப் பூதம்

தன் முகத்தையே பார்த்து ஒருவன் பூதம் வரையலாம், தப்பில்லை. ஆனால் வீட்டில் பெண் தேடிக்கொண்டிருக்கும் சமயத்தில் வரையக் கூடாது.

எண்பதுகளின் தொடக்கம். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த மலையாளி தாமஸின் அண்ணன் கப்பல்காரர். வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தார். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். பகடை உருட்டிக் குகைக்குள் போய்ப் பூதங்களோடு சண்டை போட வேண்டும். எல்லாம் வாயாலேயே! பெட்டியில் ஒரு படம்கூட இல்லை.

விடுவேனா? நானே வரைகிறேன் என்றேன். போடி பஸ் ஸ்டாண்டுக் கடைக்குத் தமிழில் வந்த வெளிநாட்டுச் சித்திரக்கதை ஒன்றையும் நான் விட்டதில்லை. (சம்பளம் போன வழி அது.) பூதம் வரைய எந்த நாட்டு ஓவியர் பாணி பொருத்தம் என்று நானும் தாமஸும் ஒரு மழை முழுக்க வாதாடினோம். பெல்ஜியத்துக்காரர் கோடு சுத்தம். ஆனால் அவர் வரைந்தால் பூதம்கூடக் குளித்துத் தலைசீவி வந்த மாதிரி இருக்கும். இத்தாலிக்காரருக்குக் குதிரை வரும், குகை வராது. அர்ஜென்டினாக்காரர்தான் ஆள்! மையை அள்ளிக் கொட்டி, இருட்டுக்குள் இரண்டு கண்ணை மட்டும் விட்டுவைப்பார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எங்கள் மலையும் அப்படித்தான் நின்றது.

லீவில் போடியில் இருந்த வீட்டுக்கு வந்து அதே பாணியில் வரைந்தேன். மாதிரிக்கு யாரும் உட்காராததால் கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான். கொம்பும் கோரைப்பல்லும் மட்டும் கற்பனை. படத்தின் பின்பக்கம் விவரம் எழுதினேன்: ‘பலம்: காட்டெருமை. உணவு: மனிதக் கறி. தூங்கினால் எழுப்பக் கூடாது.’

“ஏப்பா, நாளைக்குச் சித்தப்பா சிலமலைக்குப் பொண்ணு வீட்டுக்குப் போறாரு. ஒன் போட்டோவ வெரசா கொண்டா!” என்றாள் அம்மா. மேசையில் பூதமும் போட்டோவும் ஒரே மாதிரிக் கவர்களில் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்றைத் தோட்டத்து ஜீப்பில் தாமஸுக்கு அனுப்பினேன்.

மறுநாள் தாமஸே இறங்கி வந்துவிட்டான். கையில் என் ஸ்டுடியோ போட்டோ.

“எடா, பூதம்னு பறஞ்சிட்டு இதென்ன? பவுடர் போட்ட பூதமா?”

கவர் மாறிப்போயிருந்தது. சித்தப்பா அதற்குள் பூதத்தோடு கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் ஓடினேன்.

பெண் வீட்டுக் கூடத்தில் குடும்பமே கூடியிருந்தது. சித்தப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். பெண்ணின் அப்பா பூதத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்திருந்தார்.

“மாமா, அது நான் இல்ல...”

அவர் படத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். “மூக்கு அப்படியே இருக்கே?” என்றார்.

பெண்ணின் அம்மா படத்தைத் திருப்பினார். “சைவமா, அசைவமான்னு கேட்டு விட்டது நெசந்தான் தம்பி. அதுக்காக மனுசக் கறின்னா எழுதி விடுவீக?”

கதவுக்குப் பின்னால், அடக்கிப் பார்த்து முடியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது.

“என்ன ஆத்தா சிரிக்கிற? ஒனக்குச் சம்மதமா?” என்று கேட்டார் அப்பா.

“படத்துக்கு நேர்ல பரவால்லப்பா!”

அந்தச் சிரிப்போடுதான் இத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். மச்சினர்கள்தான் இன்னும் விடவில்லை. எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாம்பார் வாளியோடு வருகிறவரைக் கைகாட்டி நிறுத்திவிடுவார்கள்.

“அண்ணே, மாப்ளைக்கு அதெல்லாம் எறங்காது. பின்னால காத்து நிக்கிற ஆள்ல ஒருத்தர எலையில தள்ளி விடுங்க!”