நரைக்குதிரையின் பின்வாசல்

அன்புள்ள மச்சான் இட்வலுக்கு,

அத்தான் எல்வின் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா மென்னாவும் ஆடுகளும் நலம். மழையும் நலமாகவே இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. கார்டிஃபில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் பேனாவை எடுத்தது உன் முழங்காலுக்காக அல்ல.

நீ அந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறாயே, குடும்பத்தோடு பகலில் எங்கே போகலாம், சாயங்காலம் எந்தப் பப்பில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று, அதை நம்பித்தான் நான் கெட்டேன். நெரிஸும் மாப்பிள்ளை டேரனும் குழந்தை மாலியும் பர்மிங்காமிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தார்கள். நம் கடற்கரை டவுன் ஆஸ்பத்திரியில் டேரனுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று முன்பே உனக்குச் சொல்லியிருந்தேன். வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் அவன் சொல்லியாக வேண்டும். வந்தால் பேத்தி பள்ளிக்கூடம் விட்டதும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, மற்ற நாளெல்லாம் போனில் ஒரு மூக்கும் ஒரு காதும். எனக்கு அந்தக் குழந்தை பக்கத்தில் வேண்டும், இட்வல். இதை உன் அக்காவிடம்கூட நான் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை. அதனால்தான் நம் நாட்டின் அழகை ஒரே நாளில் மாப்பிள்ளையின் கண்முன் கொட்டிவிடலாம் என்று நீ எழுதியதை வரிக்கு வரி பின்பற்றினேன்.

சனிக்கிழமை காலையில் மலை ரயில். நீ எழுதியபடி புகை விட்டுக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு, மிக அழகாகத்தான் கிளம்பியது. பாதி மலையில் நின்றது. தண்டவாளத்தில் ஓர் ஆடு படுத்திருக்கிறதாம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள், நானும் மாப்பிள்ளையிடம் பெருமையாக, "பாத்தீங்களா, இங்க ரயில்கூட ஆட்டுக்கு மரியாதை குடுக்கும்" என்றேன். அப்போது என்ஜின்காரன் தலையை நீட்டி, எல்லாப் பெட்டிக்கும் கேட்கிற மாதிரி, "எல்வின், இது உன் ஆடுதான்யா, முதுகுல உன் சிவப்பு மை இருக்கு. இறங்கி வா" என்றான். இறங்கிப் போனேன். அது என்னைக் கண்டதும் எழுந்து பாசத்தோடு என் பின்னாலேயே வந்து ரயிலில் ஏறப் பார்த்தது. அதை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் என் கோட்டில் ஏறிய வாசனை அன்று முழுவதும் எங்களோடு ஊர் சுற்றியது.

மத்தியானம் கடற்கரை. மழை படுக்கைவாட்டில் அடித்தது. காரை விட்டு இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஆவி படிய, உன் அக்கா கட்டிக் கொடுத்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றோம். மாப்பிள்ளை நாகரிகமானவன், ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கடல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டான். "நேரா முன்னாடிதான், மாப்ள" என்றேன். அவன் வைப்பரைப் போட்டான். அப்போதும் தெரியவில்லை. அடுத்தது கோட்டை. மாலிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயது. "இதை யார் கட்டினாங்க?" என்றாள். உன் அக்கா, "உங்கப்பா ஊர்ப் பக்கத்து இங்கிலீஷ் ராஜா" என்றாள். "யார் உடைச்சாங்க?" "நாமதான்." குழந்தை என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "நாம உடைச்சதைப் பாக்க நம்மகிட்டயே ஏன் டிக்கெட் கேக்கறாங்க?" என்றாள். டேரன் தன் முன்னோர்களுக்காக மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் மழை விட்டது. சும்மா சொல்லக் கூடாது, மேகம் கிழிந்து விரிகுடா முழுவதும் பொன்னாகிவிட்டது. உன் எழுத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையைக் கண்டேன். நீ நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாயே, 'நரைக்குதிரை', மலைச் சரிவில் இருக்கிற அந்தப் பப், அங்கே போக ஒரே ஒரு கார் மட்டும் போகக்கூடிய ஒற்றைத் தடத்தில் ஏறினோம். வாசலுக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு கார். நம் திருச்சபைப் பொருளாளர் அம்மா கைன்வென். அவர்கள் மரியாதைக்காகப் பின்னால் போனார்கள், நான் மரியாதைக்காகப் பின்னால் போனேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தோம். கடைசியில் கண்ணாடியை இறக்கி, "எங்கம்மா இந்தப் பக்கம்?" என்றேன். "பெட்ரோல் போடலாம்னு வந்தேன்" என்றார்கள். "நீங்க?" "குழந்தைக்கு ஆந்தை காட்ட." அந்தத் தடத்தில் பெட்ரோலும் கிடையாது, வெளிச்சம் இருக்கும்போது ஆந்தையும் கிடையாது. இருவரும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டு பிரிந்தோம்.

இப்போது நீ செய்த துரோகத்துக்கு வருகிறேன். முன்பக்கம் முற்றம், மரப்பெஞ்சு, கடலுக்கு மேல் சூரியன் என்று வர்ணித்தாய். முற்றத்துக்கு நேர் கீழே நம் ஊர்ச் சாலை போகிறது, அதில் போகிற எவனும் நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியும், இதை எழுதினாயா? நான் சபையில் மூப்பன். அரை டிராயர் போட்ட வயதில் மதுவைத் தொடமாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவன். நம் சபையில் இன்று மிச்சம் இருப்பது ஒரு வேனில் அடங்கும் கூட்டம், அதிலும் பாதி மூப்பர்கள்தான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று உன்னைப் போன்ற பட்டணத்து ஆள் கேட்கலாம். ஆள் குறையக் குறையத்தான் ஒவ்வொருவரும் நன்றாகக் கண்ணில் படுகிறோம், மச்சான். அதனால் குடும்பத்தை முற்றத்தில் உட்காரவிடாமல், கோழிக்கூட்டைச் சுற்றி, பின்வாசல் வழியாக அழைத்துப் போனேன். அந்தக் கதவின் தாழ்ப்பாளை மேலே தூக்கிக்கொண்டே முழங்காலால் இடித்தால்தான் திறக்கும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று உன் அக்கா வழியிலேயே கேட்டுவிட்டாள், நீயும் கேட்காதே.

உள்ளே பீப்பாய் வைக்கிற அறை. நாலு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கையகல ஜன்னல், அதற்கு வெளியே எண்ணெய் டேங்க். அங்கே தலைமை மூப்பர் ஹைவெல் ஒரு பெரிய கிளாஸோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பளபளவென்று ஒரு ஸ்பேனர். "பாய்லர் சத்தம் போடுதுன்னாங்க, பாக்க வந்தேன்" என்றார். வாயில் நுரை. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் போடப் போன கைன்வென் அம்மாவும் உண்டியலைக் குலுக்கிக்கொண்டே உள்ளே வந்து, "அனாதைப் பிள்ளைங்களுக்கு வசூல்" என்று சொல்லிவிட்டு, உண்டியலை அலமாரியில் வைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்கள். பப்காரி டெலித் எட்டிப் பார்த்து, "என்ன எல்வின், வழக்கமானதுதானே?" என்றாள். அவள் என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். உன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹைவெல் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீ எதுக்கு வந்தே தம்பி?" என்றார். அவன் வெள்ளந்தியாக, "குடிக்கத்தான்" என்றான். கைன்வென் அம்மா எழுந்து கதவைச் சாத்தினார்கள். பிறகு ஹைவெல் அவன் தோளில் கை வைத்து, "மாப்ள, இந்த ரூம்ல அப்படியெல்லாம் பேசக் கூடாது. ஏதாவது ரிப்பேர் பண்ண வந்தேன்னு சொல்லு" என்றார். டேரன் சுற்றிலும் பார்த்தான். "சரி, இந்த நாற்காலிக் காலைப் பாக்க வந்தேன்" என்றான். "அது பேச்சு" என்று ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தார் ஹைவெல். அதற்கப்புறம் அவனை யாரும் மனுஷனாகவே மதிக்கவில்லை. கரி வாளியை எடு என்றார்கள், பீப்பாயை உருட்டு என்றார்கள், ஆலயக் கூரை ஒழுக்குக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று தொடங்கிய சபைச் சண்டையில் அவனுக்காக ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் கத்திவிட்டு, பிறகு மறந்து நம் மொழிக்கே திரும்பிவிட்டார்கள். "அடே பர்மிங்காம், நீ சொல்லு, ஓடா தகரமா?" என்று கைன்வென் அம்மா அதட்ட, அவன் "தகரம்" என்று சொல்ல, ஹைவெல் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். மாலி கோட்டுக் குவியலின் மேல் தூங்கிப்போனாள்.

நெரிஸ் என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போய், "அப்பா, அவர் இங்க வரணும்னு நெனக்கிறீங்களா இல்லையா? இந்த ஊர் அழகைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்துட்டு, எண்ணெ டேங்க் முன்னாடி உக்கார வச்சிருக்கீங்களே" என்றாள். "மெதுவா பேசும்மா" என்றேன். "வெளியில அவ்வளவு அழகா சூரியன் இறங்குதுப்பா." "தெரியும். அந்த வெளிச்சத்துல நம்ம மூக்கு ரோட்லேருந்தே தெரியும்." அவள் போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உன் பத்திரிகை புகழ்ந்த அந்த அஸ்தமனத்தை நாங்கள் பார்த்தோம், இல்லை என்று சொல்லமாட்டேன். டேங்க்கின் விளிம்பில் கொஞ்சம் சிவந்தது. பிறகு இருட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது டேரன் என் கையைக் குலுக்கி, "வித்தியாசமா இருந்துச்சு மாமா" என்றான். பர்மிங்காம்காரன் ஒன்றை வித்தியாசம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குழந்தை பின் கண்ணாடி வழியாகக் கை ஆட்டிக்கொண்டே போனாள். அவர்கள் வரமாட்டார்கள், இட்வல். அதற்கு முழுப் பொறுப்பும் உன்னுடையதுதான். இனி எழுதும்போது எந்தப் பப்பில் என்ன தெரியும் என்பதோடு, அங்கே உட்கார்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுது. மனசு விட்டுப்போயிற்று. நேற்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, உன் அக்காவும் வற்புறுத்தவில்லை.

உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. உன் முழங்காலை ஆண்டவர் தாங்குவாராக. நீ எனக்குச் செய்ததை மன்னிக்க முயன்றுகொண்டிருக்கிறேன், அவசரப்படுத்தாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்
எல்வின் ப்ராபர்ட்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் டேரனே போன் செய்தான். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். மலையா, கடலா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல மாமா. இத்தனை வருஷமா உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் எனக்குன்னு தனிக் கோப்பை, நல்ல நாற்காலி, பொறுக்கியெடுத்த இங்கிலீஷ். எப்ப கிளம்புவான்னு காத்திருக்கற மாதிரி இருக்கும். சனிக்கிழமை வந்தவங்க போனவங்க எல்லாம் முன்னாடி உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தாங்க, நீங்க என்னை உங்க ஆளுங்களோட உள்ள உக்கார வச்சீங்க" என்றான். "அதுக்காகத்தான் மாப்ள" என்றேன். பிறகு கொட்டகைக்குப் போய் ஆடுகளுக்கு நடுவில் நின்று நன்றாக அழுதேன், உன் அக்காவிடம் காற்று என்றேன். உண்மையான காரணத்தை நீ உயிருள்ள வரை அவனிடம் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பையனுக்கு வளர்ப்பு நல்ல வளர்ப்பு. சபை மூப்பர்கள் எல்லாரும் நரைக்குதிரையின் பின் அறையில் தன்மேல் காட்டிய அன்புக்கு நன்றி சொல்லி நம் போதகருக்கே போன் செய்திருக்கிறான். இன்று காலை போதகர் நம் வாசலில் வந்து நின்றார். முகம் ரொம்ப வாடியிருந்தது. "எல்வின், அங்க பின்வாசல் ஒண்ணு இருக்குன்னு உங்கள்ல ஒருத்தர்கூட ஏன் எங்கிட்ட சொல்லல? இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து நான் மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குல்ல போயிட்டு இருக்கேன்" என்றார்.