மிசினுக்குத் தண்ணி காட்டிய கதை

நாலு திருகாணியில் மூன்று ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. நாலாவது மட்டும் ஓட்டைக்கு ஓர் அரிசி தள்ளி நின்றுகொண்டு, வரமாட்டேன் என்றது.

மாரீஸ்வரன் வாட்டர் பிளாக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தான். சாய்த்து வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் முறைத்தும் பார்த்தான். செம்பும் கண்ணாடியுமாகப் பளபளவென்று ஒரு பலகை, உள்ளே தண்ணீர் ஓடச் சின்னச் சின்ன வாய்க்கால். கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு மேல் இது ஒட்டி உட்கார்ந்தால் சூட்டையெல்லாம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். உட்கார்ந்தால்தானே!

"பொருந்தலையாங்க?" என்றாள் ரோஜா. போன தை மாதம்தான் அவனைக் கட்டிக்கொண்டு ராசிங்காபுரம் வந்தவள்.

"பொருந்தும், பொருந்தும். நீ கண்ணு வைக்காத."

ரோஜாவின் கவலை ரோஜாவுக்கு. கொச்சியில் ஒரு கம்பெனி, யானை குளிக்கிற கார்ட்டூன் ஒன்றைச் செய்து காட்டும்படி மாரீஸ்வரனிடம் சொல்லியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால் வீட்டிலிருந்தே வேலை, மாதச் சம்பளம். அனுப்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜீப்பு. அவன் அப்பா சின்ராசு, மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மகனுக்குக் கங்காணி வேலை சொல்லி வைத்துவிட்டார். ரப்பர் பூட்ஸ்கூட வாங்கியாகிவிட்டது. மருமகளுக்கும் ஒரு ஜோடி.

"எனக்கு அட்டைப்பூச்சின்னாலே ஆகாதுங்க" என்று ரோஜா அந்த பூட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள்.

கார்ட்டூன் என்னவோ தயார். அதைக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து படம் படமாக வரைந்து முடிக்க ஒரு முழு நாள் ஆகும். அங்கேதான் வினை. தினமும் ரோஜா சோறு வடிக்கிற நேரத்துக்கு மிசின் 'டப்' என்று அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அணைந்ததும் கார்டைத் தொட்டுப் பார்த்தான், தோசைக்கல்லாகக் கொதித்தது. சூடுதான் காரணம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். வாட்டர் பிளாக் வந்தது அப்படித்தான்.

விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"எழுத்து எழுத்தா கார்டு பேரைப் பாத்துத்தாண்ணே வாங்குனேன். ஒரு திருகாணி சேரலையே?"

"பேரு ஒண்ணுதான் தம்பி. நடுவுல உள்ள இருக்க பலகைய மாத்திட்டாங்க. பழசுக்கு ஒரு பிளாக்கு, புதுசுக்கு ஒரு பிளாக்கு. கார்டுல சின்னதா ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதுல கடைசி நம்பரப் பாத்துச் சொல்லுங்க."

மாரீஸ்வரன் பார்த்தான். கடைசி நம்பர் இருந்த இடத்தில் சந்தனம் இருந்தது. அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் ஸ்கூட்டருக்கும் வைத்த கையோடு, சின்ராசு கார்டையும் கழற்றச் சொல்லிப் பொட்டு வைத்திருந்தார்.

ஈரத்துணியால் துடைத்தான். சந்தனம் போயிற்று. நம்பரும் போயிற்று.

போட்டோ எடுத்து அனுப்பினான். "லட்சணமா இருக்கு தம்பி, நம்பருதான் தெரியல" என்றார் கடைக்காரர். "எதுக்கும் இன்னொரு வகைய அனுப்பி விடுறேன்."

வந்தது. நாலு திருகாணியும் உட்கார்ந்தன. மாரீஸ்வரன் எழுந்து ஒரு குதி குதித்தான். குதித்து இறங்கிப் பார்த்தால் கேபினெட் கதவு மூடவில்லை. பிளாக் அவ்வளவு உயரம். கதவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டான்.

அடுத்து ரேடியேட்டர், சூடான தண்ணீரை ஆற்றிக் கொடுக்கிற தகரக் கூடு. அது கேபினெட்டுக்குள் எந்தப் பக்கமும் போகவில்லை. ரோஜாவின் துணிக்கொடிக் கயிற்றை அறுத்து ஜன்னல் கம்பியில் கட்டினான். குழாய் எட்டவில்லை. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினான். ஜன்னலை ஒட்டி அடுப்படி.

"சோறு வடிக்கிற நேரத்துலதானே நிக்குது? உன் அடுப்புச் சூடும் சேர்ந்துதான் அடிக்குது புள்ள" என்றான்.

"அதுக்கு?"

ரோஜா அன்றிலிருந்து கொல்லையில் மூணு கல் கூட்டிச் சமைத்தாள். கண்ணெல்லாம் புகை. பூட்ஸை நினைத்துக்கொண்டு ஊதினாள்.

போடியில் பேட்டரிக் கடையில் சுத்தத் தண்ணீர் கேன் வாங்கி வந்து ஊற்றினான். ஓர் இணைப்பில் கசிந்தது. சின்ராசு சும்மா இருப்பாரா? சாக்குத் துணியைக் கிழித்துக் கொண்டுவந்து, ஏலக்காய் மூட்டைக்குப் போடுகிற முடிச்சை இறுக்கிப் போட்டார். கசிவு நின்றது. அந்த முடிச்சை இனி அவரே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது.

"மேல வந்தா இந்த மாதிரி மூட்டை தெனம் கட்டலாம்டா" என்றார் ஆசையாக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு வடித்த கையோடு ஓடவிட்டான். ராத்திரி முழுக்க ஓடியது. சனிக்கிழமை காலையில் கார்டைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. யானை முக்கால்வாசி குளித்துவிட்டது. ரோஜா கொல்லைக்கும் அறைக்குமாக ஓடி ஓடிப் பார்த்தாள். சின்ராசு முகம் வாடிப்போய் பூட்ஸைப் பரணில் ஏற்றினார்.

"இன்னும் கொஞ்சந்தான் ரோஜா. துதிக்கை மட்டும் பாக்கி."

கொல்லையில் ரோஜா சோற்றுப் பானையைச் சாய்த்தாள்.

டப்.

மாரீஸ்வரன் இருட்டுத் திரையையே பார்த்தான். பிளாக்கைத் தொட்டான். ரேடியேட்டரைத் தொட்டான். எல்லாம் குளிர்ந்துதான் கிடந்தன. இனி முதலிலிருந்து ஆரம்பித்தால் நாளைக்கு மத்தியானம். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதான். ரோஜா கரிக்கையோடு ஓடிவந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். சின்ராசு சத்தமில்லாமல் பரணில் ஏணியைச் சாத்தினார்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துச் சோலை, முழங்கால் வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார். ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லாத மனுசர் அவர்.

"என்ன மாப்ளே, அழுகிற?"

"மிசினு நின்னுபோச்சு மாமா. இத்தனை தண்ணி சுத்தியும் நின்னுபோச்சே!"

சோலைக்கு மனசு கேட்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"தெனம் இந்நேரத்துக்கு என் ஒத்த மோட்டாரப் போட்டாலே கரண்டு இறங்கி உங்க வீட்டு ஃப்ரிட்ஜு நின்னுபோகும்; இன்னைக்கு உன் மிசினுக்குத் தண்ணி வேணும்னு உங்கப்பா சொன்னாரேன்னு ரெண்டு மோட்டாரச் சேத்துப் போட்டுட்டுத்தான் வர்றேன், பத்தலைன்னா சொல்லு மாப்ளே, மூணாவதையும் போட்டுருவோம்!"