குன்னத்தில் பிடிபட்ட பல்புழு

குன்னம் சந்தையில் அன்றைக்கு வெங்காயம் வாங்க வந்தவர்களைவிட வாயைப் பிளந்து நின்றவர்கள்தான் அதிகம். வேப்பமரத்தில் பேனர் தொங்கியது: 'பல்புழுச் சித்தர் அரங்கநாதன்! ஊசியில்லை, வலியில்லை, ஒரே புகையில் புழு வெளியே!' பல் டாக்டர் பெரம்பலூரில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். நம் சனத்துக்குச் சட்டியும் சாம்பலும் இருந்தால்தானே அது வைத்தியம்!

சட்டித் தண்ணீரின் நடுவே பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதன்மேல் நெய்யில் பிசைந்த கண்டங்கத்திரி விதை. புகை எழுந்ததும் வாயைத் திறந்தபடி சட்டிமேல் குனிய வேண்டும். சித்தர் போர்வையால் மூடுவார். போர்வையை எடுத்தால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்கும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பிளஸ் டூ படிக்கும் தமிழரசனை அவன் அம்மா பரிமளா அங்கேதான் இழுத்து வந்தாள். அவன் ஈறில் ரத்தம், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊதித் தள்ளிய சிகரெட்டின் வேலை அது என்று அவனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. சித்தர் "புழு" என்றதும் பயல் மனசு குளிர்ந்துவிட்டது. புழுவின் மேல் பழியைப் போட்டால் அது வந்து மறுக்கவா போகிறது? புகையால் கெட்ட வாய்க்குப் புகையே மருந்தாம். பெற்ற தாயே போர்வை பிடிக்க, பட்டப்பகலில் புகை இழுக்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!

வாராவாரம் புழு வந்தது. திட்டு மட்டும் போகவில்லை, பெரிதானது. ரசச்சோறு பட்டாலே உயிர் போயிற்று. ஒருநாள் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தான். நேராகச் சித்தி மலர்கொடியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

மலர்கொடி சந்தையில் வெங்காய வியாபாரம் செய்பவள். அவளிடமும் ஒரு ரகசியம் உண்டு, அது தமிழரசனுக்கு மட்டுமே தெரியும். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டவள், அடுத்த சந்தையன்று முந்தானையை உதறிக்கொண்டு சித்தர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பரிமளாவும் தமிழரசனும் பக்கத்திலேயே நின்றார்கள்.

கடைவாயில் குடைச்சல் இருக்குமே என்றார் சித்தர். தூக்கமே இல்லை சாமி என்றாள் மலர்கொடி. புகை எழுந்தது, போர்வை மூடியது, புழுவும் மிதந்தது.

"பாத்துக்கங்க. வலது பக்கக் கடைவாய்ப் பல்லு. ஒரு குடும்பமே குடியிருந்திருக்கு."

மலர்கொடி வாய்க்குள் கைவிட்டாள். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் கழற்றிச் சித்தரின் தாம்பாளத்தில் வைத்தாள். புகையிலை போட்டுப் போட்டுச் சொந்தப் பல்லெல்லாம் எப்போதோ உதிர்ந்து போனவள் அவள். இத்தனை நாள் ஊருக்கே காட்டாத பொக்கைவாயைச் சந்தை நடுவில் காட்டினாள்.

"எந்தப் பல்லுன்னு நீங்களே எடுத்துக் காட்டுங்க சாமி."

சித்தர் தாம்பாளத்தைத் தள்ளி வைத்தார். அது ஈறுப்புழு என்று இழுத்தார். அடேயப்பா, அதற்குள் புழு வீடு மாறிவிட்டது!

தமிழரசன் முன்னால் வந்தான். வேறு தண்ணீர் ஊற்றி, இரும்பில் புது விதையைப் போட்டு, யார் வாயும் இல்லாமல் சட்டியை மட்டும் போர்வையால் மூடினான். திறந்தபோது அதே வெள்ளைப் புழு. சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்து பிதுங்கி வந்த பருப்பு அது. கூட்டம் சிரிப்பதற்குள் சித்தர் போர்வையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

பரிமளா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப உன் வாய்ல இருக்கறது என்னடா?"

"சிகரெட்டும்மா. ரெண்டு வருஷமா."

அவள் அடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அவனைப் பெரம்பலூர் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்றோடு சிகரெட்டை விட்டால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பையன் விட்டுவிட்டான்.

சித்தர் இப்போது திருமானூரில் புதுப் போர்வை விரித்திருக்கிறாராம். அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறதாம். வாயைத் திற என்றால் ஊரே திறக்கிறது. மண்டையைத் திற என்றால் மட்டும் பூட்டுத் தொங்குகிறது. சாவி உங்கள் மடியில்தான் இருக்கிறது, தடவிப் பாருங்கள்.