பதினாறாம் நம்பர் ஊசி

"தடுப்பூசிக்கு உங்க பேரைப் பதியணும். போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"உங்க பாட்டன் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்டா!"

டெய்லர் போனை வைத்த சத்தம் தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டது. மீதிப் பேருக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவருடைய அக்காவுக்கு இளைப்பு. நோய் பரவிய நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் பேத்தியைத் தூக்கலாம் என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சுகாதார நிலையத்தில் தம்பியின் நம்பரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாள் இன்னொரு போன். "அண்ணே, ஊசி வந்துடுச்சு. பத்துதான் இருக்கு, சீக்கிரம் வாங்க."

"அவசரப்படுத்துறியா? திருட்டுப் பயலே, போலீஸைக் கூப்பிடவா?"

"மெஷின் ஊசிண்ணே! பதினாறாம் நம்பர்! நீங்கதானே கேட்டீங்க?"

தையல் சாமான் கடைக்காரர். டெய்லர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பதற்குள் பத்தும் விற்றுப்போயின.

"அடுத்து வந்தா என் பொண்ணு கூப்பிடுவா. அவளையாவது திட்டாதீங்க" என்றார் கடைக்காரர்.

"முதல்ல யாருன்னு கேட்டுட்டு அப்புறம் பேசேன்டா" என்றாள் அக்கா.

"சரி சரி, எனக்குத் தெரியாதா?"

மழுங்கின ஊசியைத் தீட்டியே டெய்லர் அக்காவின் பேத்திக்குக் குட்டிச் சட்டை தைத்து முடித்தார். வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. பெண் குரல்.

"சார், ஊசி ஒண்ணு மிச்சம் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள வந்தாத்தான் கிடைக்கும்."

கடைக்காரர் மகளாச்சே! டெய்லர் குரலில் தேன் வடிந்தது.

"வேற யாருக்காவது குடுத்துடும்மா. நான் பழைய ஊசியையே தீட்டிக்கிட்டேன்."

"என்ன சார்?"

"தீட்டிக்கிட்டேன்மா. அப்பாவைக் கேட்டதாச் சொல்லு."

திட்டாமல் பேசிய பெருமை அவருக்கு இரண்டு நாள் இருந்தது.

மூன்று வாரம் போனது. அக்கா தினமும் சட்டையை எடுத்துப் பார்ப்பாள். "பச்சைக் குழந்தை நமக்காக வளராம இருக்குமா? இது பத்தாமப் போயிடும்டா."

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. சுகாதார நிலையத்துக்கே போய்ச் சத்தம் போட்டார். "எங்கக்காவை மட்டும் ஏன் கூப்பிடலை?"

நர்ஸ் நோட்டைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாந்தான் சார் கூப்பிட்டேன். ஆமா, எங்கப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"