மலையேறிய மந்தையும் எங்கள் வீட்டுத் தலைவரும்

சரித்திரத்தைப் பெண்களின் கையிலிருந்து காப்பாற்றுவது என்று என் கணவர் ஒரு வியாழக்கிழமை காலையில் முடிவெடுத்தார். அன்று சோளக் களி சற்றுக் கட்டி தட்டியிருந்தது. எங்கள் வீட்டின் பெரிய முடிவுகளெல்லாம் களியில் கட்டி தட்டும்போதுதான் பிறக்கின்றன.

"இனிமே அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைமை," என்றார்.

"எந்தக் கூட்டம்?"

"அதான், ஆறு பொம்பளைங்க சேர்ந்து ஒரு புத்தகத்தைக் குதறிக்கிட்டு இருக்கீங்களே, அது."

குதறுவது என்ற சொல்லில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. புத்தகத்தின் பெயர் 'மலையேறிய மந்தை'. அறுநூறு பக்கம். எங்கள் கான்யே மலையில் இருநூறு வருடத்துக்கு முன்னால் நடக்கிற கதை. மாடு பிடிக்க எதிரிப் படை வருகிறது. ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. செதூன்யா என்ற இளம் விதவை ஊர் மந்தையை ஓட்டிக்கொண்டு மலையேறுகிறாள். ஊரிலேயே ஒரே ஒரு பிரதிதான். படிக்கக் காத்திருப்பவர்கள் ஆறு பேர். ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதென்றால் கடைசி ஆளுக்குக் கண்புரை வந்துவிடும். ஆகவே ரொட்டிக் கத்தியை எடுத்து நானே புத்தகத்தை ஆறாக அறுத்தேன். பக்கத்து வீட்டுக் கலெபோவே சாக்கு ஊசியால் ஒவ்வொரு பாகத்தையும் தைத்தாள். பக்கத்தின் ஓரத்தை மடித்ததற்காக என்னை ஒரு மணி நேரம் முழங்கால் போட வைத்த கன்னியாஸ்திரீகள் அதைப் பார்த்திருந்தால், மோட்சத்தை விட்டு இறங்கி வந்து என் காதைத் திருகியிருப்பார்கள்.

ஐந்து பாகங்கள் வீடு வீடாகச் சுற்றின. கையில் எது கிடைக்கிறதோ அதைப் படிக்க வேண்டியதுதான். நான்காம் பாகத்தில் செத்துப்போன மாமியாருக்காக அழுதுவிட்டு, முதல் பாகத்தில் அவள் செய்கிற கொடுமைகளைப் பார்த்து அழுகையைத் திரும்பப் பெற்றோம். ஆறாம் பாகத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சத்தியம். கடைசிக் கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில். ஆறாம் பாகம் என் பொறுப்பில். கான்வென்டில் படித்தவள் திருட்டுத்தனமாகப் படிக்க மாட்டாள் என்று பாவம், நம்பிவிட்டார்கள். நானும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும்தான் பார்த்தேன். அது 'மாலை வெயில் இதமாக இருந்தது' என்று முடிகிறது. அதற்காக யாரும் என்னை நரகத்துக்கு அனுப்பப் போவதில்லை.

"தலைமை ஏத்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"முதல் வேலையா கூட்டத்தைக் கலைப்பேன்."

"புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? என் முப்பாட்டன் அந்த மலையிலதான் நின்னாரு."

"என் முப்பாட்டியும் அங்கதான் நின்னா. அவளை யாராவது கேட்டீங்களா?"

"இதோ பாரு, பாகோ அம்மா. பசு முன்னால நடந்தா மந்தை பள்ளத்துல விழும். பெரியவங்க சும்மா சொல்லலை."

இந்தப் பழமொழியோடு எனக்கு இருபத்தேழு வருடக் குடித்தனம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பியபோது சொன்னார். தேவாலயக் குழுவில் என்னைச் செயலாளராக்கியபோது சொன்னார். வீட்டுக்கு நீலச் சாயம் அடிக்கலாம் என்றபோதுகூட சொன்னார். சுவருக்கும் பசுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. நாற்பது வருடம் கால்நடைத் துறையில் மாடுகளுக்கு ஊசி போட்ட மனிதர். எதிரே நிற்பது மாடா, மனைவியா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் விட்டுப் போய்விட்டது.

சந்தேகம் தட்டி அலமாரியைத் திறந்தேன். மேஜை விரிப்புகளுக்கு அடியில் ஆறாம் பாகம் இல்லை.

"எங்கே வெச்சீங்க?"

"பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். கூட்டம் இதோட சரின்னு நீ சொல்லு, பாகம் வரும்."

ஐந்தாம் பாகம் எங்கே முடிகிறது தெரியுமா? மூடுபனி. செதூன்யா பாறை விளிம்பில். முன்னால் நடந்த காளை காலை ஊன்றிக்கொண்டு நகர மறுக்கிறது. கீழே எதிரிகளின் கேடயச் சத்தம். அந்த இடத்தில்தான் என் ரொட்டிக் கத்தி இறங்கியது. மூன்று மாதமாக ஆறு பெண்கள் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறோம். இந்த மனிதருக்குத் தூக்கம் வேண்டுமாம்.

மாவு டின், கோழிக் கூண்டு, மெத்தைக்கு அடி, வேதாகமப் பெட்டி எல்லாவற்றையும் கிளறினேன். போன வருடம் தொலைந்த அவருடைய பல்செட் கிடைத்தது. பாகம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை வேலியோரமாகக் கலெபோவேயிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டே கேட்டாள். தையற்காரி, ஊசி வாயில் இருந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும்.

"அவருக்குத் தலைமைதானே வேணும்? குடுத்துடு."

"அக்கா! கூட்டத்தைக் கலைச்சிடுவாரு."

"எப்படிக் கலைப்பாரு? வாயைத் திறந்தாத்தானே கலைக்க முடியும்?"

"அவரா வாயை மூடுவாரு? தூக்கத்துலகூட மாட்டுக்கு உத்தரவு போடுற மனுஷன்."

"நான் சொல்லி மூட மாட்டாரு. நீ சொல்லி மூட மாட்டாரு. அவரே சொன்னா?" குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "ரந்தாவோவையும் கூப்பிடுவோம்."

ரந்தாவோ என் கணவரின் கூட்டாளி. ஊர்ச்சபைக்கு ஒரு நாள்கூடப் போகத் தவறாத மனிதர். சபையில் தொப்பியைக் கழற்றாமல் பேசியதற்காகச் சொந்தத் தம்பியையே எழுப்பி வெளியே அனுப்பியவர்.

"பொம்பளைங்க புத்தகம் படிக்கிற இடத்துக்கு அவர் எதுக்கு வராரு?"

"இறைச்சி உண்டுன்னு சொல்றேன்," என்றாள் கலெபோவே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி. மருலா மரத்தடியில் பாய் விரித்தோம். தோல்வார் பின்னிய சபை நாற்காலியை, என் கணவர் ஊர்ச்சபைக்குத் தூக்கிப் போவாரே, அதே குட்டை நாற்காலியை, கலெபோவே இரண்டு கையாலும் ஏந்தி வந்து நடுவில் வைத்தாள். ஆறு பேரும் குனிந்து மெல்லக் கைதட்டி, "வாங்க தலைவரே," என்றோம். என் கணவர் ஒதிரிலே, கோட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் தன் மடக்கு நாற்காலியோடு ரந்தாவோ.

ஒன்த்லமெட்சே எழுந்தாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவள் வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வூதியம் வரவில்லை.

"தலைவரே, நாங்க பொம்பளைங்க. சபை முறை எங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

மாட்டுக்கு உப்புக்கட்டியைக் காட்டினால் போதும். தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது."

"சரி தலைவரே."

"தப்பாப் பேசுறவனுக்கும் பேச உரிமை உண்டு. பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது."

"ஆகா."

"அப்புறம், முக்கியமா, தலைவர் எல்லாரும் சொல்றதையும் கேட்பாரு. கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. கடைசியா அவர் பேசுறதுதான் தீர்ப்பு."

"கடைசியாவா?" என்றாள் கலெபோவே, பால் குடிக்கிற கன்றுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

"கடைசியாத்தான்," என்று ரந்தாவோ மூன்று முறை தலையாட்டினார். "நடுவுல வாயைத் திறக்குறவன் தலைவனே இல்லை."

"வழக்குல ஒரு மாடு இருந்தா?" என்று கேட்டாள் கலெபோவே.

"அதைக் கொண்டாந்து சபை முன்னால கட்டணும். ஒளிச்சு வெச்சவன் திருடன்," என்றார் என் கணவர். உற்சாகத்தில் இருந்தார்.

"அப்படின்னா எங்க வழக்கு ஆறாம் பாகத்தைப் பத்தினது, தலைவரே."

மரத்திலிருந்து ஒரு மருலாப் பழம் விழுந்த சத்தம் கேட்டது. ரந்தாவோ மெதுவாகத் திரும்பினார்.

"மாடு எங்கேப்பா?"

தலைவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். பழைய தடுப்பூசிப் பெட்டியோடு வந்தார். துருப்பிடித்த ஊசிக் குழாய்களுக்கு அடியில் இருந்தது ஆறாம் பாகம். மாட்டு மருந்து நாற்றத்துக்குப் பயந்து இருபது வருடமாக நான் தொடாத ஒரே பெட்டி. என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்.

"சபைக்குச் சாப்பாடு?" என்று மெல்லக் கேட்டாள் ஒன்த்லமெட்சே.

"தலைவர் போடுறது," என்றார் ரந்தாவோ. இதற்காகவே வந்தவர். "வேக வெச்சு இடிக்கிற செஸ்வாவுக்கு எலும்போட மாட்டிறைச்சிதான் சரி. பொம்பளைங்க கை படக் கூடாது. அது ஆம்பளை சமையல்."

இப்படியாக என் கணவர் கோட்டைக் கழற்றி, மூன்று கால் இரும்புப் பானையின் கீழே தீ மூட்டி, அங்கிருந்தபடியே தலைமை தாங்கினார். ஒன்த்லமெட்சே பேசத் தொடங்கினாள். முதல் அத்தியாயத்தில் மழை பெய்கிறது. அந்த மழையைப் பற்றியே ஒரு மணி பத்து நிமிடம் பேசினாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய மழையில் நாங்கள் தெப்பமாக நனைந்தோம். நடுவில் ஒருமுறை தலைவர் வாயைத் திறந்தார்.

"இல்ல, அந்தக் காலத்துல மேக்கு மழை..."

ஏழு தலைகள் திரும்பின. ஏழாவது ரந்தாவோவுடையது.

"ஒதிரிலே!" என்றார் அதிர்ச்சியோடு. "சபை நடக்குது!"

வாய் மூடியது. இறைச்சி வெந்ததும் அதை மரக்கட்டையால் இடிக்க ஆரம்பித்தார். யாரை நினைத்து இடித்தார் என்று கேட்கத் தேவையில்லை.

பிறகு நான் ஆறாம் பாகத்தைப் படித்தேன். மூடுபனி. பாறை விளிம்பு. காளை நகரவில்லை. அப்போது செதூன்யா காளையின் கழுத்திலிருந்து மணியை அவிழ்க்கிறாள். மந்தையின் நடுவே போய், ஒரு கொம்பு உடைந்த கிழட்டுப் பசுவின் கழுத்தில் கட்டுகிறாள். அந்தப் பசு மண்ணை முகர்கிறது. கன்றாக இருந்தபோது தண்ணீருக்குப் போன பாதை. ஓரடி வைக்கிறது. இன்னோர் அடி. மணிச் சத்தம் மேலே போகிறது. மந்தை பின்னாலேயே போகிறது.

இடிக்கிற சத்தம் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். தலைவர் கையில் கட்டையோடு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

படித்து முடித்ததும் கலெபோவே எழுந்தாள்.

"தலைவரே, நீங்க பேச வேணாம். முறைன்னா முறைதான். தலையை மட்டும் ஆட்டுங்க. நாப்பது வருஷம் மாடுங்களோட இருந்தீங்க. நெசமாவே மந்தைக்கு முன்னால நடக்குறது யாரு? காளையா?"

என் கணவர் என்னிடம் பொய் சொல்வார். பாதிரியாரிடம் சொல்வார். மருத்துவரிடம் சர்க்கரை சாப்பிடவில்லை என்று சர்க்கரை ஒட்டிய வாயாலேயே சொல்வார். மாட்டு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. தலை அசையவில்லை.

"கிழட்டுப் பசுவா?"

தலை ஒரு முறை கீழே போய் மேலே வந்தது. ரந்தாவோ மென்று கொண்டிருந்ததை அப்படியே விழுங்கினார்.

"எதாவது ஒரு பள்ளத்துல விழுந்துச்சா?"

இதைக் கேட்டது நான். திட்டத்தில் இல்லாத கேள்வி. என் குரல் எனக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

இருபத்தேழு வருடம். ஒரு தலையாட்டல். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதானே. கடைசியில் கூட்டத்தைக் கலைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று. அதற்குத்தான் அவரும் காத்திருந்தார். வெயில் சாய்ந்தது. இன்னும் நாலு பேர் பேச வேண்டியிருந்தது.

ரந்தாவோ விரல்களை நக்கிக்கொண்டே எழுந்தார். "பேச்சு முடியாம சபையைக் கலைக்க முடியாது. முறை இல்லை. அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கணும். இதே இடம். இதே சாப்பாடு."

ஊசிக்கு மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் காளையைப் பார்ப்பதுபோல என் கணவர் அவரைப் பார்த்தார். பிரயோஜனமில்லை. முறையை வகுத்தவர் அவரே.

ராஜினாமா செய்யுங்கள் என்று நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மாட்டார். கடைவீதியில் எல்லாரும் "தலைவரே" என்று கூப்பிடுகிறார்களாம். இப்போது வேறு புத்தகம் வந்திருக்கிறது. அறுப்பதற்கு ரொட்டிக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்கும் நீலச் சாயம் அடித்தாயிற்று. தீர்ப்பைப் பழைய தடுப்பூசிப் பதிவேட்டில் பதினொரு பக்கம் எழுதி, கூட்டத்துக்குக் கூட்டம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வந்து, அடுப்பு மூட்டுகிறார்.

தலைவராகி எட்டு மாதமாகிறது. இன்னும் அவர் முறை வரவில்லை.