கன்றிய கைக்கு டேன் பாதி, கேமல் பாதி

என் கணவர் சாமுவேல் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இதைப் படித்ததும் உங்களுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்திருக்கும். கேட்காத கேள்விக்கு இவள் ஏன் இப்படி முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள் என்று. அதே சந்தேகம் என் சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கும் ஒரே நாளில், ஒரே வீட்டில், பிரியாணி தம்மில் இருக்கும்போது வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பாறையில் மோதினாலும் பாறைக்குத்தான் வலிக்கும். சிலருக்கு லேசாக இடித்தாலே கன்றிப் போகும். நான் இரண்டாவது ரகம். கம்பெனி பஸ்ஸில் கம்பியில் இடித்தால் ஒன்று, மேசை முனையில் பட்டால் ஒன்று, ஷூ அடுக்கும் டிராலி உரசினால் ஒன்று. எங்கே இடித்தேன் என்பது எனக்கே ஞாபகம் இருக்காது. குளிக்கும்போதுதான் கையில் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருந்தேன். என் வேலைக்கு டச்-அப் என்று பெயர். தைத்து முடித்த ஷூவில் கீறலோ தழும்போ தெரிந்தால், அதே நிறத்தில் சாயம் தொட்டு ஸ்பாஞ்சால் ஒற்றி மறைப்பது. மாடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் கிழித்துக்கொண்டதைக்கூட மறைத்து, அதற்கு வாழ்நாளில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்பது போல வெளிநாட்டுக்கு அனுப்பி வைப்போம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. (இந்தக் கட்டுரையில் என்னைப் பற்றி வரப்போகும் கடைசி நல்ல வார்த்தை இது.)

பக்கத்துப் பிரிவில் பசை ஒட்டுவார்கள். அந்த வாடையில் மதியத்துக்கு மேல் தலை விண்ணென்று தெறிக்கும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, பல் தேய்ப்பது போலத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் என் இடது கை கம்பெனியின் கலர் அட்டை மாதிரி ஆகிவிட்டது. முழங்கைக்கு மேலே நீலம், கீழே பச்சை, மணிக்கட்டுப் பக்கம் மஞ்சள். சாமுவேல் பயந்துபோய் என்னை வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். சாமுவேல் எதற்கும் பயப்படுகிறவர். பல்லியைப் பேப்பரில் ஏற்றி, ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, அது பத்திரமாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

டாக்டரம்மா முதல் வேலையாக அவரை வெளியே அனுப்பினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?"

இல்லை டாக்டர் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கு என்னை நானே இரண்டு அறை விடலாம். அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டு, நான் சொன்ன பதிலை நம்பியவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து தேங்குவதுதான் இந்த நீலம். சிலருக்குத் தோலும் குழாயும் பிறவியிலேயே மெலிசு. போதாததற்கு நான் தினமும் விழுங்கிய வலி மாத்திரை ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது. கசிந்த ரத்தத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்துக்கொள்ளும். நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், பிறகு ஒன்றும் இருக்காது. மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பொறுத்திருங்கள் என்றார்.

இரண்டு வாரம் எங்களிடம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் அண்ணனின் புது வீட்டுப் பிரதிஷ்டை, அதாவது எங்கள் சபை வழக்கப்படி கிரகப்பிரவேசம். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அண்ணி ஒரே இளஞ்சிவப்பில் புடவை எடுத்து, ஒரே டைலரிடம் கொடுத்து, குட்டைக் கை வைத்துப் பிளவுஸ் தைத்திருந்தார். போட்டோவில் அழகாக இருக்குமாம். பெரியம்மா மட்டும் அந்த டைலரிடம் கொடுக்காமல், வழக்கம்போல முழங்கைக்குக் கீழே இறங்குகிற கை வைத்துத் தைத்துக்கொண்டார். வேலூர் வெயிலில் அப்படி உடுத்துகிற ஒரே ஆள் அவர்தான். பழைய காலத்து மனுஷி என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

என் கையை என்ன செய்வது? கெட்டிக்காரிக்கு யோசனை வந்தது. ஷூவை மறைக்கிறவளுக்குக் கை எம்மாத்திரம்?

என்னுடன் வேலை செய்யும் ஷபீனாவிடம் கையை நீட்டினேன். கம்பெனியில் நிறம் கலப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டேன், கேமல் என்று பழுப்பிலேயே எங்களிடம் பல சாயங்கள் உண்டு.

"வீட்டுக்காரரா?" என்றாள்.

"ச்சீ, மேசை."

"எல்லாருக்கும் மேசைதான்" என்று சொல்லிவிட்டு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உனுக்கு டேன் போட்டா ஜாஸ்தி, கேமல் போட்டா கம்மி. பாதிப் பாதி கலந்தாத்தான் சரியா வரும். ஆனா மேல லாக்கர் பூச்சு அடிக்காம இது நிக்காது."

"அப்போ அடிச்சிடு."

"தோலு வெந்துடும்."

"மாட்டுத் தோலுக்கு ஒன்னும் ஆவலியே?"

"அது செத்துப் போச்சு மெர்சி."

லாக்கர் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசிக்கொண்டேன். சாமுவேல் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்த வம்பு? இடிச்சிக்கினேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். அவர் பேச்சைக் கேட்டிருந்தாலும் கதை இப்படித்தான் முடிந்திருக்கும். சுவராவது பிழைத்திருக்கும்.

போதகர் நீளமாக ஜெபிக்கிறவர். கூடத்தில் மின்விசிறி இன்னும் மாட்டியிருக்கவில்லை. எல்லோரும் தலைகுனிந்து நிற்க, நான் வியர்வையில் நனைந்து, புதுச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சாய்ந்துகொண்டேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தால், வெள்ளைவெளேர் சுவரில் முழங்கை நீளத்துக்குப் பழுப்புக் கோடு.

"செவுத்துல இன்னாது இது?" என்றார் அண்ணி. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

அண்ணன் ஈரத்துணியால் தேய்த்தான். கோடு திட்டானது. தோலில் ஒட்டாத சாயம் சுவரில் மட்டும் விசுவாசமாக ஒட்டிக்கொண்டது. எல்லோருடைய பார்வையும் சுவரிலிருந்து என் கைக்கு வந்தது. அம்மா முந்தானையை நனைத்து என் கையைத் துடைத்தார். டேன் போனது, கேமல் போனது, உள்ளே இருந்த மூன்று நிறங்களும் வரிசையாக வெளியே வந்தன.

பெரியம்மா மட்டும் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். "பயப்படாத. இது மஞ்சளாயிடுச்சு, ஆறிப் போன மாதிரிதான். இது பச்ச திரும்பிடுச்சு, போன வாரத்தோடது. இது மட்டுந்தான் புதுசு, ரெண்டு நாள் ஆயிருக்கும். அதுவும் போயிடும்."

டாக்டரம்மா புத்தகம் படித்துச் சொன்னதை இவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்கும் புத்தி எனக்கு இல்லை. அம்மாவுக்கு அதில் வேறு ஒன்று கேட்டது. "மூணு தடவையா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா இல்லாத குடும்பத்தில் பெரியப்பாதான் எங்களுக்கு எல்லாம். தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கையறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமுவேலை எதிரே நிற்க வைத்தார். அம்மாவும் அண்ணனும் பக்கத்தில். கதவோரம் பெரியம்மா. ஜன்னலில் மீதிப் பேர்.

"மேசையில இடிச்சிக்கினேன் பெரியப்பா" என்றேன் நான்.

அறையிலும் ஜன்னலிலும் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் சொன்ன உண்மை, அவர்கள் எல்லோரும் எப்போதோ சொன்ன பொய்யாக இருந்தது.

"டாக்டர் சொன்னாங்க, மாத்திரையாலன்னு..."

"டாக்டர் கிட்டயும் இதே கததானா?" என்றார் பெரியப்பா. அம்மா என் காதருகில் குனிந்து, "கோவத்துல கை நீட்டியிருப்பாரு. எல்லா வூட்லயும் நடக்கறதுதான். அதுக்குன்னு பொய் சொல்லாத" என்றார்.

நான் எதிர்பார்த்தது வேறு. என் மகளை அடித்தாயா என்று யாராவது சாமுவேலின் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் அவருக்காக நான் சண்டை போட்டிருப்பேன். ஒருவரும் பிடிக்கவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"பாருங்க மாப்ள, நான் தப்புன்னு சொல்ல வரல. எதுக்கும் ஒரு அளவு இருக்கு. கை தெரியற எடம். நாலு பேரு பாக்கறாங்க இல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அந்த நேரம் பிரியாணி செய்ய வந்த பாய் ஜன்னலில் தலையை நீட்டினார். "அண்ணே, தம் ஒடைக்கட்டா? லேட்டானா கொழஞ்சிப் பூடும்."

"பேசி முடிக்காம யாரும் எல பக்கம் போவக் கூடாது" என்றார் பெரியப்பா.

பசியில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அண்ணி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து அழுதார். சாமுவேல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பல்லியைப் பேப்பரில் ஏற்றும்போது வருமே, அதே முகம்.

"தப்புதான் பெரியப்பா. இனிமே நடக்காது" என்றார்.

பெரியப்பா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். தம் உடைந்தது. அதுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் சாமுவேல் ஓரமாக நின்று சாப்பிட்டுப் போகிற ஆள். அன்றைக்குப் பெரியப்பா பக்கத்தில் அவருக்கு நாற்காலி, இலையில் இரண்டாவது முறை கறி, கத்திரிக்காய்த் தொக்கு. அண்ணன் அவரிடம் வீட்டுக்கடன் பற்றி யோசனை கேட்டான். அடிக்கிறவர் என்று தெரிந்த பிறகுதான் என் கணவர் இந்தக் குடும்பத்தில் ஆம்பிளையானார்.

சாப்பிட்டு முடித்ததும் அவரை வாசல் பக்கம் இழுத்துப் போய், "ஏன் அப்டி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ சொன்ன உண்மைய ஒருத்தரும் நம்பல. நான் சொன்ன பொய்ய ஒடனே நம்பிட்டாங்க. அப்புறம் எதுக்கு சோறு ஆறணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. தொக்கின் காரம் என்றார்.

பின்பக்கம் கை கழுவப் போனேன். பெரியம்மா தனியாகப் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்தக் கலரு உங்க கம்பெனிலதான் கெடைக்குமா?" என்று கேட்டார்.

என்னுள் இருந்த டச்-அப்காரி உடனே வாயைத் திறந்தாள். "உங்களுக்குக் கேமல் வேணாம் பெரியம்மா, டேன்ல கொஞ்சம் பிரவுன் கலந்தா..."

அவருடைய பிளவுஸின் கையைப் பார்த்தேன். நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. இத்தனை வருஷம் அது எதை மறைக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

"அரிக்கும் பெரியம்மா" என்றேன்.

"அரிச்சா பரவால்ல." கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்த்தார். பிறகு குனிந்தபடியே சொன்னார். "மாப்ள உன்ன அடிக்கலன்னு எனுக்குத் தெரியும். மேச முன பட்டா கோடாத்தான் வுழும். கைன்னா வெரலு வெரலா பதியும்."

"அப்போ அங்கயே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"உனுக்கு எப்டித் தெரியும்னு கேப்பாங்களே."

எங்க வீட்டுக்கு வந்துடுங்க என்றேன். பெண்கள் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்றேன். கேட்டுக்கொண்டே கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீ அந்த மாத்திரைய வுட்டுடு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மாத்திரையை விட்டேன். டாக்டரம்மா சொன்னபடியே நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, என் கை பழையபடி ஆனது. சுவர்தான் ஆறவில்லை. இரண்டு முறை பூச்சு அடித்தும் திட்டு மேலே வந்தது. அண்ணன் அதன் மேல் வசனக் காலண்டர் மாட்டிவிட்டான். கிறிஸ்துமஸுக்குக் கூடும்போதெல்லாம் யாராவது காலண்டரைத் தூக்கிக் காட்டி, "மாப்ள, இப்ப கை எப்டி, சும்மா இருக்கா?" என்று கேட்பார்கள். வீடே சிரிக்கும். சாமுவேலும் சிரிப்பார். பெரியப்பா ஒவ்வொரு வருஷமும் தவறாமல் முடித்து வைப்பார். "நான் ஒரே வார்த்ததான் சொன்னேன். அன்னிலேர்ந்து மாப்ள கை நீட்டுனதே இல்ல."

போன கிறிஸ்துமஸில் எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன். "அடிக்காதவரு மன்னிப்புக் கேட்டுட்டாரு. அடிக்கறவரு எப்ப பெரியப்பா கேப்பீங்க?"

அந்த வருஷம் முழுக்க இதைவிடப் பெரிய சிரிப்பை அந்த வீடு கேட்டிருக்காது. மெர்சிக்கு வாய் ஜாஸ்தி என்றார் அண்ணி. பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பெரியம்மா ஓடிவந்து அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பிளவுஸின் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.